அப்பச்சிக்குத் துப்பாக்கி வேண்டாம்

செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்து வீட்டில் அப்பச்சி, அதாவது என் அப்பா, தனியாகத்தான் இருக்கிறார். வயது 79. சமையலுக்கு வரும் அக்கா சாயங்காலம் கிளம்பிவிட்டால் விடியும்வரை துணைக்கு ஆளில்லை. பல்லடம், சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் இருந்த வயதானவர்களைக் கொன்ற செய்திகளைப் படித்ததிலிருந்து, துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடணும் என்று நிற்கிறார். "எங்க ஐயா வச்சிருந்தாக. ஒரு பய வாசப்படி ஏறலையே ஆத்தா" என்கிறார்.

அவர் பயம் நியாயமானது. ஆனாலும் துப்பாக்கி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஐயா இரட்டைக்குழல் வைத்திருந்த காலத்தில் வீடு நிறைய ஆட்கள். முகப்பில் கணக்குப்பிள்ளை படுப்பார், பின்கட்டில் சமையல்காரர். திருடன் வராததற்கு அவர்கள்தான் காரணம். இன்று அதே வீட்டின் வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அப்பச்சி படுப்பது முகப்பை ஒட்டிய அறையில். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறவருக்கு பின்கட்டுக் கதவை உடைத்தாலும் கேட்காது. கேட்டாலும் எழுந்து, கண்ணாடியைத் தேடி, பீரோவைத் திறந்து, தோட்டாவைப் போட்டு நிமிர்வதற்குள் வந்தவன் எதிரே நிற்பான். துப்பாக்கி அவன் கைக்குப் போய்விடும். தோட்டா போட்டுத் தலைமாட்டிலேயே வைக்கலாம் என்றால், லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. என் தம்பி சென்னையிலிருந்து வந்து, தன் சாவியால் நடுராத்திரியில் கதவைத் திறக்கிறவன். ஒரு கண்ணில் புரை இருக்கிறவருக்கு இருட்டில் மகன் யார், திருடன் யார்?

கலெக்டர் ஆபீசில் மனு, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாம் முடிந்து கிடைத்தாலும், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 வருஷம் செல்லும். இன்று நடுங்காத கை 84 வயதில் எப்படி இருக்கும்? தற்காப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் போகவில்லை என்று அவர்தான் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் விளக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லத் தயங்கிய காரணம் ஒன்று உண்டு. ஆத்தா, என் அம்மா, போன பிறகு அப்பச்சி சில நாள் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்று படித்தேன். வீட்டுக்குள் துப்பாக்கி இருந்தால், மனம் உடைந்த ஒரு ராத்திரியில் யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. தனியாக இருக்கும் பெரியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி கேட்பவரிடம் முதலில் "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள்.

பெட்டகத்தில் இருந்த நகையை வங்கி லாக்கருக்கு மாற்றிவிட்டோம். பின்வாசலுக்கு இரும்புக் கிராதி போட ஆசாரியிடம் சொல்லியாயிற்று. 112ஐயும் பங்காளி வீட்டு நம்பரையும் ஒரே பொத்தானில் வரும்படி போனில் வைத்திருக்கிறேன். சமையல் அக்காவின் மகன் ராத்திரி முகப்பில் படுக்கச் சம்மதித்திருக்கிறான். சம்பளத்தை நானும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறோம். "அந்தப் பயலுக்குச் சீட்டாடத் தெரியுமா?" என்று நேற்று அப்பச்சி விசாரித்தார்.