முதல் கீபோர்டு: வீட்டு ரெக்கார்டிங்குக்கு மூன்று வகையை வைத்துப் பார்த்ததில்

எடுத்துக்கொண்ட வேலை சின்னதுதான். கும்மி மெட்டில் ஒரு பாட்டுக்குப் பின்னணி இசை: குழல், நாதஸ்வரம், வயலின் கூட்டம், அடியில் உருமியும் தவிலும். இடம் சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் தெரு. மைக்கைத் திறந்தால் பாட்டுக்கு முன்னால் தறிச் சத்தம்தான் பதிவாகும். குரலை மட்டும் தறி நிற்கும் நேரத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, மற்றதெல்லாம் கீபோர்டு வழியாகவே உள்ளே போகட்டும் என்பது திட்டம். ஒரே லேப்டாப், ஒரே மெட்டு. கீபோர்டு மட்டும் மாறும்: ஸ்பீக்கர் உள்ள 61 கட்டைக் கீபோர்டு, சொந்த ஒலி இல்லாமல் கம்ப்யூட்டரை நம்பி ஓடும் 49 கட்டை மிடி கீபோர்டு, அதிலேயே சின்னதான 25 கட்டைக் கருவி.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "இதுல அறுநூறு டோன் இருக்குதுங்க" என்பதுதான். உண்மைதான், யமஹா பிஎஸ்ஆர்-இ373இல் 622 இருக்கிறது. ஆனால் ரெக்கார்டிங்குக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. கம்ப்யூட்டருக்குள் போகப்போவது பெரும்பாலும் ஒலி அல்ல, மிடி தகவல்: எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்ற எண்கள். ஒலி பிறப்பது மென்பொருளில். ஆகவே கீபோர்டில் பார்க்க வேண்டியது நான்கு: டச் ரெஸ்பான்ஸ் (அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைவது), யு.எஸ்.பி., பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைப்பது), கட்டையின் அகலம். டோன், ரிதம் எண்ணிக்கையெல்லாம் அதற்கப்புறம்.

டச் ரெஸ்பான்ஸ்

மாடல் எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலே இது இல்லாமல் போய்விடும். கேசியோ சிடி-எஸ்200இல் டச் இல்லை, சிடி-எஸ்300இல் உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-இ273இல் டச்சும் இல்லை, யு.எஸ்.பி.யும் இல்லை; இ373இல் இரண்டும் உண்டு. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. ஒரே கட்டையை மெதுவாகத் தொடங்கி ஓங்கி அடிப்பது வரை இருபது முறை அடித்துப் பதிவு செய்து, மிடி எடிட்டரில் வெலாசிட்டி (அழுத்திய வேகம்) எண்களைப் பார்க்க வேண்டும். 1 முதல் 127 வரை வரலாம். மெல்லத் தொட்டால் முப்பது நாற்பது, ஓங்கினால் நூற்றுப் பத்துக்கு மேல் என்று பரவினால் நல்ல கட்டை. எல்லாம் ஒரே எண்ணாக வந்தால் டச் இல்லை, அல்லது செட்டிங்கில் அணைந்திருக்கிறது. டச் இல்லாத கட்டையில் வாசித்த தவில் எந்திரம் அடித்தது போலவே இருக்கும். பிறகு எண்களைக் கையால் ஏற்றி இறக்கலாம்தான்; நாலு நிமிடப் பாட்டுக்கு அதைச் செய்ய உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடையே உள்ள நேரத்தை வைத்துத்தான் அழுத்திய வேகத்தைக் கருவி கணக்கிடுகிறது. திருப்பூர், சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் நம் ஊர்ப் பஞ்சுத்தூசி அந்த முனைகளில்தான் போய் உட்காரும். ஒரு கட்டை மட்டும் திடீரென எப்போதும் 127ஆக அலறினாலோ, விட்டுவிட்டு ஊமையானாலோ போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் தூசிதான். கழற்றத் தெரிந்தவர் ரப்பர் பட்டையையும் கார்பன் முனையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தால் சரியாகும். வாசிக்காத நேரத்தில் மேலே துணி போட்டு மூடி வைத்தால் இந்த வேலையே வராது.

பிட்ச் பெண்ட்

நம் பாட்டுக்கு இது இல்லாமல் ஆகாது. குழலிலும் நாதஸ்வரத்திலும் சுரம் நேராக நிற்பதில்லை, வழுக்கி வரும். சிடி-எஸ்300இல் பெண்ட் சக்கரம் உண்டு. இ373இல் கிடையாது, அதே வரிசையில் இ473க்குப் போக வேண்டும். மிடி கீபோர்டுகளில், எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49இல் சக்கரம் இருக்கிறது. அகாய் எம்பிகே மினி எம்கே3இல் சின்ன ஜாய்ஸ்டிக், ஆர்டூரியா மினிலேப் 3இல் விரலால் தடவும் பட்டை. கமகத்துக்குச் சக்கரமே கைக்குப் படிகிறது. ஜாய்ஸ்டிக்கில் பாதி வளைவில் நிறுத்தி நிதானிப்பது கஷ்டம்.

வழக்கமான வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கு ஒரு அரைச்சுரம், அந்தர காந்தாரத்துக்கு இரண்டு. ஆக இந்த வீச்சே போதும். பன்னிரண்டுக்கு விரித்து வைத்தால் சக்கரம் மயிரிழை நகர்ந்தாலும் சுருதி ஓடிவிடும்.

கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. பெண்ட் தகவல் ஒரு சேனல் முழுவதற்கும் போகும். இடது கையில் கார்டு பிடித்துக்கொண்டு வலது கையில் குழலை வளைத்தால் கார்டும் சேர்ந்து வளையும். அதனால் ஒவ்வொரு கருவிக்கும் தனி டிராக், தனியாக ஒரு வாசிப்பு. மற்றது, சொற்றொடரின் முடிவு. வளைத்த சுரத்தைக் கட்டையிலிருந்து விட்ட பிறகே சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் ஒலி அடங்கும் வரை பொறுத்து. முந்தினால் அடங்கும் ஒலியின் வால் கீழே சறுக்குவது தெளிவாகக் கேட்கும். நாதஸ்வர ஒலியில் இது காதைக் குத்தும். உருமியின் தேய்ப்பொலிக்கு மட்டும் இதையே வேண்டுமென்று செய்யலாம். கனத்த டிரம் ஒலியை அடித்தவுடன் சக்கரத்தைக் கீழிருந்து மேலே தள்ளினால் ஓரளவு கிட்டே வருகிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலின் 128 ஒலிகளில் ஷெனாய் இருக்கிறது, நாதஸ்வரம் இல்லை. தனியாக ஒரு சாம்பிள் தொகுப்பு தேடியாக வேண்டும்.

எத்தனை கட்டை, எவ்வளவு இடம்

61 கட்டை என்றால் ஐந்து ஸ்தாயி. முழு அகலக் கட்டையில் வாசிக்கும் பகுதியே சுமார் 85 செ.மீ. 49 என்றால் நாலு ஸ்தாயி, சுமார் 68 செ.மீ. 25 கட்டைக் கருவி லேப்டாப் பையிலேயே அடங்கும், ஆனால் கட்டைகள் ஒல்லி. அதில் பழகிய விரல் பெரிய கீபோர்டில் தடுமாறும். மெட்டு மட்டும் போடுகிறவருக்கு 25 போதும். இரண்டு கையாலும் வாசிக்கக் கற்றுக்கொள்கிறவருக்கு 49க்குக் கீழே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானில் ஒரு சிக்கல். பாடுகிறவரின் சுருதி ஐந்தரைக் கட்டை என்றால் அது ஜி ஷார்ப். சி-யிலேயே வாசித்துவிட்டுப் பொத்தானால் ஏற்றிக்கொள்வது மேடைப் பழக்கம். மிடி பதிவில் அந்த ஏற்றம் சில கருவிகளில் எண்ணோடு சேர்ந்து போகும், சிலவற்றில் போகாது. ஆகவே கருவியில் பூஜ்யமாக வைத்து வாசித்து, சுரங்களை மொத்தமாக மென்பொருளில் ஏற்றுவதே குழப்பம் இல்லாதது.

இணைப்பும் தாமதமும்

கீபோர்டு விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் பெயர் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்ற வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆன கேபிளில் தகவல் கம்பிகள் இருக்காது.

அடுத்து, கட்டையை அழுத்தினால் ஒலி பிந்தி வரும். கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம், விண்டோஸின் சாதாரண ஒலி டிரைவர்தான் காரணம். ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் வெளிப்பெட்டி) இருந்தால் அதன் ஆசியோ என்ற தாமதம் குறைந்த டிரைவர், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் ஆசியோ-ஃபார்-ஆல். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 256 என்றால் தாமதம் சுமார் 6 மில்லி நொடி, 512 என்றால் 12, 1024 என்றால் 23. வாசிக்கும்போது 256, பிளகின்கள் (மென்பொருளுக்குள் ஓடும் ஒலிக் கருவிகள்) கூடி ஒலி வெடிக்கத் தொடங்கினால் 512. மிக்ஸிங்கின்போது 1024 வைத்தாலும் பாதகமில்லை. புளூடூத் இயர்போன் கூடவே கூடாது. எந்த பஃபரும் அதைக் காப்பாற்றாது.

ஸ்பீக்கர் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு சுரமும் இரட்டையாகக் கேட்கும்: கருவியின் ஒலி ஒன்று, பிளகின் ஒலி ஒன்று. கருவியின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்தால் தீரும்.

கருவியின் சொந்த ஒலியே வேண்டும் என்றால் இ373 யு.எஸ்.பி. வழியாக ஒலியையும் அனுப்பும். அந்த வசதி இல்லாததில் ஹெட்போன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸுக்குக் கேபிள் போட வேண்டும். இங்கேதான் பலருக்கு ஒலி பொக்கையாகிறது. இரண்டு முனையும் ஸ்டீரியோ பின் உள்ள கேபிளை ஒற்றை பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகினால், இன்டர்ஃபேஸ் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒலி காணாமல் போகும், எதிரொலி மட்டும் மிஞ்சும். வாங்க வேண்டியது ஒரு பக்கம் ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு மோனோ பின் உள்ள ஒய் கேபிள். கீபோர்டு வால்யூம் முக்கால், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில். உறுமல் சத்தம் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் குற்றம் எர்த்தில்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் பகலில் 49 கட்டை மிடி கீபோர்டு லேப்டாப் பேட்டரியிலேயே ஓடியது. சிடி-எஸ்300க்கும் இ373க்கும் ஆறு ஏஏ பேட்டரி போட்டால் போதும். தறியும் நிற்கும் நேரம் அது. குரல் பதிவுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

தாளம்

கும்மி மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடை. மென்பொருள் நாலு நாலாகவே திறக்கும். அப்படியே 1/16 குவான்டைஸ் (தட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து நிறுத்துவது) கொடுத்தால் மூன்றாவது தட்டு இழுபட்டு நொண்டும். கட்டத்தை டிரிப்லெட்டுக்கு மாற்றி, இறுக்கத்தை ஐம்பது அறுபது சதவீதத்தில் வைத்தபோது கைத்தட்டின் இயல்பு கெடாமல் நின்றது. கீபோர்டில் வரும் ஸ்டைல்களை (தயாராக உள்ள தாளப் பின்னணிகளை) நம்பி இதற்கு வாங்கக் கூடாது. ஆறெட்டு தாளத்தில் அவை சிலவே, அதிலும் கும்மிக்கு ஒத்து வருவது அரிது.

கடைசியில் மேசையில் தங்கியது 49 கட்டை மிடி கீபோர்டு. லேப்டாப் இல்லாதபோதும் வாசித்துப் பழக வேண்டும் என்கிறவருக்கு டச்சும் சக்கரமும் உள்ள 61 கட்டை ஸ்பீக்கர் கீபோர்டே சரி. மிதித்தால் சுரத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடல் எதற்கும் தனியாகத்தான் வாங்க வேண்டும். மிதித்தால் ஒலி அடங்கி, விட்டால் நீண்டால் பெடலின் போலாரிட்டி தலைகீழ். பெரும்பாலான மிடி கீபோர்டுகள் ஆன் செய்யும்போதே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதால் பெடலைச் செருகிவிட்டு, கால் வைக்காமல் ஆன் செய்ய வேண்டும்.