சத்தம் இல்லாத 14 கிளிப்புகள்

"சத்தம் வராதா கோச்?"

எங்கள் கூடைப்பந்து அணியின் மூத்த ஆட்டக்காரர், அவருடைய ஆட்டங்களிலிருந்து நான் வெட்டிய வீடியோத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான். இரண்டு சீசன் ஓடிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் மனதுக்குள் புதிது புதிதாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று சொன்னது, "வராது கூயா, சத்தத்தோடு வெட்டினால் ஃபைல் பெரிசாகிவிடும்" என்பது. பொய் இல்லை. 14 கிளிப்பையும் சத்தத்தோடு ஏற்றினால் தலைமைக் கோச்சின் டேப்லெட்டில் திறக்கவே நேரமாகும். எல்லோருடைய கிளிப்பையும் ஊமையாகத்தான் வெட்டுவேன். அவருக்கு மட்டும் தனியாக எதுவும் செய்யவில்லை.

கூயா என்றால் அண்ணன். அவர் என்னைக் கோச் என்பார். நான் கோச் கிடையாது, வீடியோ வெட்டுகிற ஆள். பிலிப்பைன்ஸில் பெஞ்சுக்குப் பின்னால் நிற்பவர் எவரானாலும் கோச்தான். துண்டு மடித்துக் கொடுப்பவர்கூட சில நாள் கோச் ஆகிவிடுவார். அந்த மரியாதையைச் சும்மா வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதும் இப்போது சேர்ந்து உறுத்துகிறது.

அது 2024இல், பிலிப்பைன் கப் என்ற தொடரின் கடைசி வாரங்கள். தலைமைக் கோச் ஒரு காலையில் வந்து, "பிக் அண்ட் ரோலில் பெரியவர் எப்படி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு, கிளிப்போடு" என்றார். பிக் அண்ட் ரோல் என்றால் ஒரு பெரிய ஆள் எதிராளியின் வழியை மறித்து நின்றுவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் உத்தி; எதிரணி அதை ஆடும்போது எப்படித் தடுக்கிறார் என்பதுதான் கேள்வி. பெரியவர் என்றால் அவர்தான். 38 வயது, 6 அடி 8 அங்குலம். கான்ஃபரன்ஸ், அதாவது அந்தத் தொடர், முடிந்தால் ஒப்பந்தமும் முடிகிறது. அந்தப் பக்கம் எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எதற்கு என்று தெரிந்துதான் உட்கார்ந்து வெட்டினேன்.

ஆனால் அவரை அனுப்பிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே நினைக்கவில்லை. பிபிஏ என்ற பிலிப்பைன்ஸ் லீக்கில், கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான சென்டர்களுக்கு ஆயுள் கெட்டி. 1975இல் ஆரம்பித்த லீக் அது, ஆசியாவிலேயே முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக். அந்த ஊரில் பந்து போடத் தெரிந்த கார்டுகள், அதாவது பந்தை நடத்திச் செல்லும் சின்ன ஆட்டக்காரர்கள், தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உயரமானவர்கள்தான் அபூர்வம், உயரத்தை எந்தக் கோச்சாலும் கற்றுக்கொடுக்க முடியாது. வெளிநாட்டு இம்போர்ட் ஆடுகிற கான்ஃபரன்ஸ்களில் உள்ளூர் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்தாலும், பிலிப்பைன் கப் வந்துவிட்டால் இம்போர்ட் கிடையாது, உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான். அப்போது அவர் இல்லாமல் முடியாது. ரமோன் ஃபெர்னாண்டஸ் நான்கு முறை எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்), 19 பட்டம், 18,996 புள்ளிகள் என்று ஆடித் தீர்த்துவிட்டுத்தான் போனார். அசி டாவுலாவா 2003இல் எம்விபி. ஐம்பதை நெருங்கும் வயதிலும் ஜெர்சி போட்டுக்கொண்டு களத்தில் நின்றார். எங்கள் அணியில் யார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் கிண்டல் செய்வோம். அப்படியிருக்க 38 ஒரு வயதா? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். டாவுலாவா மாதிரி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணுவதுதான் என் வேலை.

வழக்கம்போல அவர் பயிற்சி முடிந்து இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வீடியோ அறைக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி, காலை நீட்டி உட்காருவார். அடுத்த எதிரணியின் சென்டர் எந்தத் தோள் பக்கம் திரும்புகிறான் என்று பார்ப்பார். ஜூன் மார் ஃபஹார்டோவோடு ஆட்டம் என்றால் மட்டும், "இவனைப் பார்த்து என்ன பிரயோஜனம், எல்லாப் பக்கமும் திரும்புவான்" என்று சிரிப்பார். 2014இலிருந்து 2019 வரை விடாமல் ஆறு முறை எம்விபி வாங்கிய ஆளைப் பற்றி வேறென்ன சொல்ல?

அன்று எதிரணியின் வீடியோவைக் கேட்கவில்லை.

"என்னுடையதைப் போடேன். கோச்சுக்குக் கொடுத்தாயாமே, அது."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. போட்டேன்.

காட்டியிருக்கக் கூடாது என்று உதவிக் கோச் ஒருவர் பிறகு சொன்னார். அதிகாரபூர்வமாகத் தவறுதான். அன்று எனக்கு அது நேர்மை மாதிரி தெரிந்தது. ஒருவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் எழுதியதை முகத்துக்கு நேரே காட்டுவது நல்லதுதானே? ஆனால் இன்னொன்றும் இருந்திருக்கலாம். பாரத்தை இறக்கி அவர் மடியில் வைத்துவிட்டு நான் லேசாகிவிடப் பார்த்திருக்கலாம். எது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பதினான்கும் ஒரே மாதிரிதான். எதிரணியின் பெரிய ஆள் வந்து நம் கார்டின் வழியில் மரம் மாதிரி நிற்பார். அதுதான் ஸ்க்ரீன். கார்டின் கண் பந்தில் இருக்கும், முதுகுக்குப் பின்னால் வருவது அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்கிறவர் பின்னால் நிற்கும் நம் சென்டர். "கலிவா", "கனான்" என்று அவர் கத்த வேண்டும், இடது, வலது. அரை நொடி முன்னால் கத்தினால் கார்டு உடம்பை வளைத்து நழுவிவிடுவார். அரை நொடி தாமதித்தால் போய் மோதி நிற்பார். அப்புறம் சென்டர் தனியாளாக இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும். கேமராவில் எடுப்பாகத் தெரிவது இந்தக் கடைசிக் காட்சிதான்: மெதுவாகப் பின்வாங்கும் பெரிய உடம்பு, அதைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பந்தைப் போடும் சின்னப் பையன்.

ஆறாவது கிளிப்பில்தான் கேட்டார், சத்தம் வராதா என்று.

நான் ஃபைல் கதையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். "இதில் கனான் என்று கத்தினேன். பையன் இடது பக்கம் போய் மாட்டிக்கொண்டான். நீயே பார்."

பார்த்தேன். கார்டு இடது பக்கம்தான் போனான். கத்தியதற்கு மாறாகப் போனானா, கத்தாததால் போனானா என்பது படத்தில் இல்லை.

ஒன்பதாவதிலும் அதையே சொன்னார். பதினொன்றில், "இது என் தப்பு, நான் பார்க்கவே இல்லை" என்றார். அதை அவர் சொன்னதால் மற்ற இரண்டையும் நம்பத் தோன்றியது. பதினான்கும் முடிந்ததும் ஐஸ் பையை அவிழ்த்தார், தண்ணீர் தரையெல்லாம் சொட்டியது. "அந்தப் பையன் பெயரைக் கோச்சிடம் சொல்லிவிடாதே. முதல் வருஷம் அவனுக்கு" என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, "சலாமத், சார்" என்றார், நன்றி சார் என்று.

நான்கு வருடத்தில் ஒரு முறைகூட என்னை அவர் சார் என்று கூப்பிட்டதில்லை. வாய் தவறி வந்திருக்கலாம். மணிலாவில் பெட்ரோல் போடுகிறவரிலிருந்து வங்கிக்காரர் வரை எல்லோரும் எல்லோரையும் சார் என்பார்கள். நான்தான் அதற்கு ஏதோ அர்த்தம் கற்பித்துக்கொள்கிறேன்.

அன்று இரவு மூல வீடியோவைத் திறந்து, சத்தத்தைக் கூட்டி, ஆறாவது கிளிப்பை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. அது குபாவோவில் அரனெட்டா கொலீசியத்தில் நடந்த ஆட்டம், எதிரில் கினெப்ரா அணி. கினெப்ரா ஆடுகிற நாளில் அந்த அரங்கத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. பதிவில் இருந்தது வர்ணனையாளர்களின் குரல், அதற்கு மேல் கூட்டத்தின் இரைச்சல். அவர் குரல் இல்லை. சரி, உதட்டைப் பார்ப்போம் என்று பெரிதாக்கினேன். வாய் திறந்திருக்கிறது. ஒன்பதாவதிலும் திறந்திருக்கிறது. அப்புறம் சந்தேகம் வந்து பதினொன்றைப் பார்த்தேன், தானே தப்பு என்று ஒப்புக்கொண்டாரே, அதிலும் வாய் திறந்துதான் இருக்கிறது. 38 வயதில் கடைசிக் குவார்ட்டரில் யாருக்குத்தான் வாய் மூடியிருக்கும்? கத்துகிற வாயும் மூச்சு வாங்குகிற வாயும் அந்தத் தூரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

இன்னொன்றும் தோன்றியது. அவர் கத்தியே இருந்தாலும் அந்த இரைச்சலில் பையனுக்குக் கேட்டிருக்குமா? கேட்கவில்லையென்றால் அது யார் கணக்கில் எழுதப்பட வேண்டியது? என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா, இல்லையா, பக்கத்தில் நின்றவர் யார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் எப்போதும் சென்டர்தான். கூடையைக் காக்க வேண்டியவர் வேறு எங்கே நிற்பார்?

மறுநாள் கோச்சிடம் போனேன். போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை.

"கோச், அந்தக் கிளிப்புகளில் சிலது கார்டு பக்கத் தப்பாகவும் இருக்கலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. "எத்தனையில்?"

இரண்டு என்று சொல்லியிருக்கலாம். ஆறு, ஒன்பது என்று எண்ணோடு சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு என்று சொன்னால் அதில் அந்தப் பையன் முகம் இருக்கிறது, பெயரைச் சொல்லாதே என்று கேட்டிருக்கிறார். என் கையில் இருந்த ஆதாரமும் அவர் வாய்வார்த்தை மட்டும்தான். ஒப்பந்தம் முடியப்போகிற ஒருவரின் வாய்வார்த்தை. நான்கு வருடமாக அந்தக் கோச்சிடம் எண்ணோடு மட்டுமே பேசியிருக்கிறேன்.

"உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றேன்.

"உறுதியானால் சொல்" என்றார். நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பேருந்து காத்திருந்தது, எட்சா சாலை நெரிசலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும், போய்விட்டார்.

எழுதிக்கொண்டு வரும்போதுதான் உறைக்கிறது, அந்தப் பையனைக் காப்பாற்றச் சொன்னார் என்பதை நான் ரொம்ப வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன். பெயர் சொல்லாமலே, "இவர் போட்டுக் கத்துவதால்தான் இளம் சென்டர் பயிற்சியில் தேறியிருக்கிறான்" என்று சொல்லியிருக்கலாமே. அது எனக்குத் தெரியும். தினமும் பயிற்சியைப் படம் பிடிக்கிறவன் நான். ஆனால் கோச் கேட்டது பிக் அண்ட் ரோல் பற்றி. கேட்டதற்குப் பதில் கொடுத்தேன். கேட்காததையும் எழுதுகிற வீடியோக்காரனை எந்த அணி வைத்துக்கொள்ளும்? இதையும் நியாயம் என்றுதான் நினைக்கிறேன், எழுதிய பிறகு படித்தால் அப்படித் தெரியவில்லை.

கான்ஃபரன்ஸ் முடிந்தது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. உடைமாற்றும் அறையில் எல்லோரும் "சயாங்" என்றார்கள். வீணாகப் போச்சே என்பதற்கும் அய்யோ பாவத்துக்கும் நடுவில் நிற்கிற சொல் அது. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் கட்டிப்பிடித்தார், என்னையும். கிறிஸ்துமஸ் அன்றும் பிபிஏவில் ஆட்டம் வைப்பார்கள். இந்த வருஷம் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பேன் என்று சொல்லிச் சிரித்தார். சம்பளத்துக்கு லீக் வைத்திருந்த உச்சவரம்பு மாதம் 4,20,000 பெசோ. அதன் பக்கத்தில்கூட அவர் போனதில்லை என்று கேள்வி. நான் எழுதிய ஒரு பக்கத்தால்தான் போனார் என்று சொன்னால் அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் பெருமை. முழங்கால் இருந்தது, பட்ஜெட் இருந்தது, டிராஃப்டில் (புது ஆட்டக்காரர் தேர்வில்) வரப்போகிறவர்கள் இருந்தார்கள். என் பக்கம் அதன் மேல் வைத்த ஒரு காகிதம். ஆனால் வைத்தது நான்.

அடுத்த சீசனில் பிக் அண்ட் ரோலில் நாங்கள் விட்ட புள்ளிகள் கொஞ்சம் குறைந்தன. அப்படியானால் முடிவு சரிதானே? நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த சீசனில்தான் லீக் 27 அடியில் நான்கு புள்ளிக் கோடு போட்டது. எதிரணிகள் உள்ளே வராமல் வெளியிலிருந்தே எறியத் தொடங்கின. முந்தைய எண்ணோடு இதை ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாது என்று கோச்சுக்கு அனுப்பிய அறிக்கையில் அடிக்குறிப்பாக எழுதினேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

இப்போது கிளிப்புகளைச் சத்தத்தோடுதான் வெட்டுகிறேன். திறக்க நேரமாகிறது என்று ஒருவர் திட்டினார். வர்ணனையும் இரைச்சலும்தான் கேட்கிறது, வேறெதுவும் இல்லை.

போன மாதம் பழைய ஆட்டக்காரர் ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஏதோ ஒரு பாரங்காயில், அதாவது பேட்டையில், திருவிழா லீக், தகரக் கூரை போட்ட கோர்ட், கைப்பேசியில் எடுத்தது. நடுவில் அவர், கொஞ்சம் எடை போட்டிருக்கிறார். அங்கே கூட்டம் அவ்வளவு இல்லை, தகரத்தில் பட்டுக் குரல் தெளிவாகக் கேட்கிறது. "கலிவா! கலிவா!" அவர் குரல்தான், சந்தேகமே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பின்னால் இழுத்துப் பார்த்தேன். ஸ்க்ரீன் எந்தப் பக்கம் வந்தது என்று தெரியவில்லை. படம் பிடித்தவர் பந்தின் பின்னாலேயே போயிருக்கிறார்.