கோச்சியால விழுந்த கறுத்தக்கொழும்பான்

பிழை முழுக்க என்னிலதான். லீவு முழுக்கப் பெடியள் போனும் கையுமாக் கிடக்கிறாங்கள், ஒரு நல்ல படம் காட்டுவம் எண்டு வெளிக்கிட்டது நான்தானே. டானி பொயில் 2004இல எடுத்த 'மில்லியன்ஸ்'. அதுக்கு ரெண்டு வருசம் முந்தித்தான் சனத்துக்கு விசர் பிடிச்சு ஆளை ஆள் கடிக்கிற படம் எடுத்த மனுசன். அவர் பிள்ளையளுக்குப் படம் எடுத்தால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கும் ஒரு ஆசை.

தாய் இல்லாத ரெண்டு பெடியள். இளையவன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில மட்டைப்பெட்டியால வீடு கட்டி விளையாடுறான். ஓடுற கோச்சியால ஒரு பை காசு வந்து அதுக்கு மேல விழுது. இங்கிலாந்து பவுணை விட்டுட்டு யூரோவுக்கு மாறப்போகுதாம், கொஞ்ச நாளில அந்தத் தாளெல்லாம் செல்லாது. (படத்தில மட்டும்தான். இண்டைக்கும் அங்க பவுண்தான்.) மூத்தவனுக்குச் செலவழிக்கோணும், இளையவனுக்கு ஏழையளுக்குக் குடுக்கோணும். இளையவனுக்குச் சாமிமார் வேற நேரில தெரியினம். புனித கிளாரா வந்து சிகரெட் பத்திறா.

அதோட அம்மா எழும்பி இருந்திட்டா. "என்ர ஆச்சியும் சுருட்டுப் பத்தினவதான். ஒருத்தரும் கும்பிடேல்லையே!"

யூரோக் கதை வந்த உடன படம் நிண்டு போச்சு. 1970இல எங்கட நிதி மந்திரி என்.எம். பெரேரா அம்பது ரூபாத் தாளும் நூறு ரூபாத் தாளும் செல்லாதெண்டது, அம்மாவுக்கு நேற்று நடந்த மாதிரி. அப்பப்பா நெல் வித்த காசைக் கொம்பறைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாராம், அப்பம்மாவுக்கே தெரியாதாம். மாத்தப் போகேக்கதான் வெளிச்சமாம். ஆறு மாசம் மனுசனோட கதைக்கேல்லையாம். இதை அரை மணித்தியாலம் சொன்னா. படத்தின்ர கடைசி எனக்கு இப்பவும் சரியாத் தெரியாது.

அடுத்த நாள் காலமை பிறிஜ் வந்த மட்டைப்பெட்டியைக் காணேல்லை. பின்வேலியோட வீடு எழும்பியிட்டுது. தண்டவாளத்துக்கும் எங்கட வேலிக்கும் நடுவில ஒரு ஒழுங்கையும் ஒரு வாய்க்காலும் கிடக்கு, அதைத் தாண்டினால் கால் முறிப்பன் எண்டு சொல்லியாச்சு. நான் இவங்கட வயசில இருக்கேக்க இந்த இடத்தில கோச்சியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. சிலிப்பர் கட்டையெல்லாம் பங்கருக்குள்ள போட்டுது. 2013இல கிளிநொச்சிக்குக் கோச்சி வந்தண்டு அம்மா வேலியில நிண்டு அழுதவ. இவங்கள் அதே வேலியில நிண்டு "போடுங்கோ, போடுங்கோ" எண்டு கத்திறாங்கள்.

மூத்தவன் படத்தில பிடிச்சது வேற. அதில பெரிய பெடியன் "எங்கட அம்மா செத்துப்போனா" எண்டு சொல்லிச் சொல்லியே சாமான் வாங்குவான். எங்கட துரை முறிகண்டிப் பக்கம் புதுக்கடையில போய் அதையே எடுத்து விட்டிருக்கிறார். கடைக்கார அண்ணை ஒரு கேள்வி கேக்கேல்லை. இங்க அந்த வசனத்தை ஆர் சந்தேகப்படுவினம்? ரெண்டு கச்சான் அல்வாவும் குடுத்து, தலையையும் தடவி விட்டிருக்கிறார். பின்னேரம் மனுசன் அரைக்கிலோ சீனியோட வீட்டை வர, நான் முத்தத்தில தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறன். "தங்கச்சி, அந்தப் பிள்ளையளின்ர…" எண்டு தொடங்கினவர், என்ர மூஞ்சையையும் மூத்தவன்ர மூஞ்சையையும் மாறி மாறிப் பாத்தார். சீனியை வச்சிட்டுப் போட்டார். இன்னும் அந்தக் கடைப்பக்கம் நான் போகேல்லை.

அடுத்த நாள் பின்னேரம் கொழும்புக்குப் போற கோச்சியால உண்மையாவே ஒண்டு விழுந்திட்டுது. உரப்பை. வாசல்ல சாமான் அடுக்கிக்கொண்டு போற சனம்தானே. இவர்தான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அவிட்டால் வைக்கலுக்குள்ள கறுத்தக்கொழும்பான். எட்டு நசிஞ்சு போச்சு, மிச்சம் இருபத்தேழு. அரைப்பழமும் முக்காப் பழமும்.

படத்தில காசு காலாவதியாகிற மாதிரி இங்க மாம்பழம். ரெண்டு நாளில வீடு முழுக்க வாசம். இளையவன் கொப்பியும் பென்சிலுமாத் தானம் தொடங்கியிட்டான். மூத்தவன் கச்சான் விக்கிற அக்காமாருக்குப் பக்கத்தில குந்தி, ஒண்டு நூறு ரூபாவாம். அம்மாவுக்குச் சீனி வருத்தம், மணக்கிறதோட சரி எண்டு சொல்லிப் போட்டன். மனுசி ஒரு சத்தமும் போடாமல் தலையாட்டினதில எனக்கு அப்பவே ஐமிச்சம் வந்திருக்கோணும்.

மூண்டாம் நாள் பின்னேரம், அந்தப் பையைப் பிரிச்சு விரிச்சுக் காயப்போட்ட மிளகாயைக் கூட்டி அள்ளிறன், அடியில மார்க்கரால எழுதின போன் நம்பர்.

எடுத்தன். வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா கதைச்சா. மகளுக்கு ஏழு மாசமாம், மாம்பழம் மாம்பழம் எண்டு நிண்டவளாம், அதுக்காக யாழ்ப்பாணம் போய் ஆய்வித்துக்கொண்டு வந்ததாம். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. "எத்தினை மிஞ்சிக் கிடக்கு பிள்ளை?"

எல்லாம் நசிஞ்சு போச்செண்டு சொல்லு எண்டு அம்மா கண்ணைக் காட்டுறா. அதுக்குள்ள இளையவன் போனைப் பறிச்சு ஸ்பீக்கரில போட்டு, கொப்பியை விரிச்சிட்டான்.

"மூலைவீட்டு ஆச்சி 4. கடை மாமா 2, சீனிக்காக. ரெயில் கேற் அண்ணை 4. அண்ணா 5, வித்தவன். அப்பா 2. அம்மா 2. நான் 1."

கொஞ்சம் நிப்பாட்டி, தாளைத் திருப்பினான்.

"அம்மம்மா 7. சொல்லவேண்டாமெண்டவ."