பாசி கல்லைத் தின்னுமா? மூன்று போத்தல், ஏழு கிழமை

எங்கள் கிணற்றுக்கட்டில் பாசி பிடித்த இடங்களில் மட்டும் கல் சொரசொரவென்று குழிவிழுந்து கிடக்கும். "பாசி கல்லைத் தின்னும் பிள்ளை" என்பார் அம்மம்மா. மாரி முடிந்த கையோடு சோதித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

மதில் கட்டி மிஞ்சிய சுண்ணக்கல்லில் மூன்று துண்டு. தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது, கல் சரி. கழுவி, வெயிலில் காயவைத்து, நகை நிறுக்கும் சின்னத் தராசில் நிறுத்தேன். முதல் போத்தலில் கிணற்றுத் தண்ணீரும் பாசியும் போட்டு யன்னலோரம் வைத்தேன். இரண்டாவதில் கிணற்றுத் தண்ணீர் மட்டும். மூன்றாவதில் சீனித் தண்ணீர், பழைய பாணில் பிடித்த கறுப்புப் பூஞ்சணம். இது ஒரு கிழமையிலேயே மணக்கத் தொடங்க, அம்மா போத்தலைக் கோடிப்பக்கம் அனுப்பிவிட்டார்.

மூன்றாம் கிழமை பாசிக் கல்லை எடுத்துக் காயவைத்து நிறுத்தால் 38.42 கிராம் 38.49 ஆகியிருக்கிறது. தராசைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மூன்று தரம் நிறுத்தும் அதேதான். பிறகுதான் கல்லின் மேல் மா தூவினது போல ஒரு வெள்ளை தெரிந்தது. கேத்திலுக்குள் படியும் அதே வெள்ளை. தின்னும் என்று பார்த்திருந்த பாசி கல்லுக்குப் பூச்சுப் பூசி வைத்திருக்கிறது!

பிழை என்னுடையது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து விட்ட காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது அடியில் உள்ள சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றுப் பள்ளமே அப்படிக் கரைந்து உண்டானதுதான். ஏற்கெனவே வயிறு நிறையக் கல் தின்ற தண்ணீரைப் போத்தலில் விட்டிருக்கிறேன். பகலில் பாசி ஒளித்தொகுப்புக்காகக் காபனீரொட்சைட்டை உறிஞ்ச, தண்ணீரால் கரைந்த சுண்ணாம்பைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் போய்விடுகிறது. அமிலம் பார்க்கும் பிஎச் தாளில் (எண் குறையக் குறைய அமிலம் கூட) பின்னேரம் 9 அளவு, விடியற்காலை 8க்குக் கீழே. இரவில் பாசி சுவாசம் மட்டும்தான் விடுகிறது.

பூஞ்சணக் கல் ஏமாற்றவில்லை. ஏழாம் கிழமை 41.10 இலிருந்து 39.86. விளிம்பெல்லாம் மழுங்கி, நகத்தால் சுரண்டினால் ஈரச் சோக்கட்டி போல உதிர்ந்தது. கறுப்புப் பூஞ்சணம் சீனியைத் தின்று சித்திரிக்கமிலத்தையும் ஒட்சாலிக்கமிலத்தையும் கக்கும். கல்லைக் கரைப்பது அந்த அமிலம்தான். சும்மா தண்ணீரில் கிடந்த கல்லில் வித்தியாசமே இல்லை. சேமித்த மழைத்தண்ணீரில் பாசியை இன்னொரு தரம் வைத்தேன், 0.02 கிராம் குறைந்தது. இந்தத் தராசில் அதை நம்ப மாட்டேன்.

அப்போ அம்மம்மாவின் குழிகள்?

கீரிமலைக் கரையில் கழன்று கிடந்த ஒரு கறுத்த கல்லைக் கொண்டுவந்து சுத்தியலால் பிளந்தேன். உள்ளே வெள்ளை. ஆனால் மேற்பரப்புக்கு ஒரு மில்லிமீற்றர் கீழே, பென்சிலால் கோடிழுத்தது போல ஒரு பச்சை வரி. தண்ணீர் தொட்டதும் இன்னும் பளிச்சென்றது. பூதக்கண்ணாடியில் ஊசிமுனைத் துளைகளும் தெரிந்தன. நீலப்பச்சைப் பாசிகளில் சில கல்லுக்குள்ளேயே துளைத்துக் குடியிருக்கும் என்று படித்திருந்தேன், கையில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தரம். ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர் சுண்ணாம்பைப் படியவைக்கத்தானே வேண்டும், எப்படித் துளைக்கிறது? மாஸ்டிகோகோலியஸ் டெஸ்டாரம் என்ற இனத்தை வைத்து 2010இல் இதற்கு விடை வந்தது. துளையின் முனையில் கல்சியத்தை உள்ளே இழுத்து, தன் உடல் வழியாகவே கடத்தி, பின்பக்கம் வெளியே தள்ளுகிறதாம். கிணற்றுக்குள் கப்பியால் மண் அள்ளி இறைப்பது போல.

கிணற்றுக்கட்டில் இருப்பதும் அதே வகைதானா என்று பார்க்க அதை உடைக்கவா முடியும்? அதை விட்டு, மண்ணுக்குள் கல் கரைவதையாவது பார்ப்போம் என்று போன ஞாயிறு, நிறுத்த நான்கு துண்டுகளில் தங்கூசி கட்டி, இரண்டை வாழைக்கடியில் எருவோடும் இரண்டை வெறும் மணலிலும் புதைத்திருக்கிறேன். அடுத்த மாரி கழிந்துதான் இழுத்தெடுப்பேன்.