பானமின்ட் சிட்டி: மலையேறிய நாட்களின் குறிப்பு

மார்ச் 14, வியாழன்

மூட்டை கட்டியாயிற்று. கூடாரம் வேண்டாம், மேலே சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கேபின் இருக்கிறது என்கிறார் நண்பர். மலையேறுகிறவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'ஹில்டன்'. முதலில் வந்தவருக்கே இடம், எலி வேறு உண்டு. நான் கூடாரத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் பாழடைந்த சுரங்க ஊர்கள் நிறையவே உண்டு. பலவற்றுக்குக் காரிலேயே போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். பானமின்ட் சிட்டிக்கு அது நடக்காது. சர்ப்ரைஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் சுமார் 3,700 அடி ஏற வேண்டும்.

மார்ச் 15, வெள்ளி

ட்ரோனாவைத் தாண்டும்போதே கந்தக வாடை. காய்ந்த ஏரியிலிருந்து போராக்ஸும் சோடாவும் எடுக்கும் ஊர். நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கிருந்து பாலரட். அதுவும் பழைய சுரங்க ஊர்தான். நாலு மண்சுவர், ஒரு கடை, கொஞ்சம் கல்லறைகள். பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

பள்ளத்தாக்கின் வாயில் கிறிஸ் விக்ட் முகாம். வண்டி அதுவரைதான். இரவு அங்கேயே படுக்கை.

மார்ச் 16, சனி

விடிந்ததும் கிளம்பினோம். பாலைவனம் என்று நம்பி வந்தவன் முதல் அரை மணியிலேயே முழங்கால் வரை நனைந்தேன். வருஷம் முழுக்க ஓடும் ஓடை இது. வெளிறிய பாறை இருபுறமும் நெருங்கி நிற்க, நடுவில் சின்னச் சின்ன அருவிகளாக இறங்குகிறது. பாதையும் ஓடையும் ஒன்றேதான். அருவி முடிந்தால் வில்லோ புதர். குனிந்து, கிளையை விலக்கி, பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்காமல் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

இதில் ஒரு காலத்தில் ரோடு இருந்தது என்றால் நம்ப முடியவில்லை. 1984 வெள்ளம் அதை அடியோடு அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஊற்றுகளைத் தாண்டினால் ஓடை மறைந்து சரளைக்கல் ஏற்றம். தோள்பட்டை கதற ஆரம்பித்தது அங்கேதான்.

பிற்பகலில் ஊரின் பழைய செங்கல் புகைபோக்கி தென்பட்டது. தென்பட்டதே தவிர, கிட்டே வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அதே தூரத்தில் நின்று வேடிக்கை காட்டியது.

ஹில்டனில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். கூடாரத்தைப் பற்றி நண்பர் வாயே திறக்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் தண்ணீர் பாட்டிலில் மெல்லிய பனித்தகடு. 6,300 அடி உயரம் சும்மாவா.

புகைபோக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தாது இடிக்கும் ஆலையின் மிச்சம் அது. செங்கல் இன்னும் நல்ல சிவப்பு. சில இடங்களில் சாந்து உதிர்ந்து விரல் நுழைகிறது. இங்கே வெள்ளி கிடைத்தது 1873-ல். கண்டெடுத்தவர்கள் கொள்ளையடித்துவிட்டு ஒளிந்திருந்த ஆட்கள் என்று ஒரு கதை உண்டு. நெவாடாவின் இரண்டு செனட்டர்கள், வில்லியம் ஸ்டூவர்ட்டும் ஜான் ஜோன்ஸும், பணத்தைக் கொட்டினார்கள். ஒரு மைல் நீளத் தெரு, சாராயக் கடைகள், செய்தித்தாள், ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். இந்த வழியில் சரக்கு கொண்டுபோக வெல்ஸ் ஃபார்கோ கம்பெனி மறுத்துவிட்டது, அவ்வளவு திருட்டு பயம். அதனால் ஸ்டூவர்ட் வெள்ளியை 400 பவுண்டுக்கும் மேல் எடையுள்ள உருண்டைகளாக வார்க்கச் சொன்னார். தூக்கினால்தானே திருட முடியும்! காவல் இல்லாமல் திறந்த வண்டியிலேயே போயின.

ஆனால் தாது மேலோட்டமாகத்தான் இருந்தது. 1875-ல் பாங்க் ஆஃப் கலிஃபோர்னியா கதவை மூட, சுரங்கப் பங்குகள் சரிந்தன. 1876 ஜூலையில் காட்டாற்று வெள்ளம் தெருவை வழித்துக்கொண்டு போனது. மறு வருஷம் ஆலையும் நின்றது. வெள்ளம்தான் ஊரை அழித்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வெள்ளி இருந்திருந்தால் வெள்ளத்துக்குப் பிறகும் கட்டியிருப்பார்கள்.

இங்கே கண்ணில் படும் துரு முக்கால்வாசி அந்தக் காலத்தது அல்ல. தகரக் கொட்டகை, வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி), டயர் இல்லாத லாரி எல்லாம் இருபதாம் நூற்றாண்டில் மறுபடி தோண்ட வந்தவர்களுடையவை. பட்டறையில் ஸ்பானர்கூட இருக்கிறது. 1870-களின் ஊர் என்று கேட்டால் புகைபோக்கி, வரிசையாகச் சில கல்சுவர்கள், அவ்வளவே. எனக்கு லாரிதான் பிடித்தது. இதை எப்படி மேலே கொண்டுவந்தார்கள் என்று நண்பரும் நானும் இறங்கும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.

பதில் கீழே முகாமில் கிடைத்தது. ஜீப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ரோடு போன பிறகும் வின்ச் கம்பியால் ஜீப்பை அருவி மேல் இழுத்து ஏற்றியவராம்; லாரி வந்தது ரோடு இருந்த காலத்தில் என்றார். 2001-ல் வண்டிகளுக்குத் தடை வந்தது. "இப்போ முட்டி போச்சு, மேலே பார்க்க வழியே இல்லை" என்று வருத்தப்பட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த வில்லோ புதருக்குள் எஞ்சின் ஆயில் வழிவதை நினைத்துப் பார்த்தால் நான் தடையின் பக்கம்தான். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.