பெரம்பூர் பகா எண், ராயபுரம் அல்ல

சென்னை-11, சென்னை-13, சென்னை-39 என்று முகவரியில் எழுதுகிறோமே, அந்தப் பின்கோடுகளைப் பகா எண்களாகப் பிரிப்பது நல்ல பயிற்சி. முன்னால் நிற்கும் 600 எல்லாவற்றுக்கும் பொது என்பதால் வேலையும் குறைவு. 600000-ஐ ஒவ்வொரு பகா எண்ணாலும் ஒருமுறை வகுத்து மீதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஏரியாவானாலும் கடைசி மூன்று இலக்கத்தை அந்த மீதியோடு கூட்டி, கூடுதல் அந்தப் பகா எண்ணால் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும்.

7-க்கு மீதி 2. திருவொற்றியூர் 19; 19+2=21. ஆக 600019 = 7 × 85717.

11-க்கு மீதி 5, 19-க்கு 18, 29-க்கு 19. வியாசர்பாடி 39-ஐக் கூட்டினால் 44, 57, 58. மூன்றுமே மீதியில்லாமல் போகின்றன! இலக்கங்களின் கூடுதல் 18, அதனால் 9-ம் உண்டு. பலர் இங்கேயே முடித்துவிடுவார்கள். 9 × 11 × 19 × 29 = 54549தான்; 600039-ஐ அதால் வகுத்தால் ஈவு இன்னொரு 11. கிடைத்த காரணியால் மறுபடியும் வகுத்துப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஒன்று விடுபடும். சரியான விடை 3² × 11² × 19 × 29, அதாவது 33² × 551. இதற்கு 36 வகுத்திகள். வடசென்னையில் எனக்கு மிகவும் பிடித்த எண் இது.

ராயபுரம் ஏமாற்றும். 600013, 47 வரை எதிலும் போகாது. 50-ஐத் தாண்டினோமே, பகா எண்தான் என்று நிறுத்தினால் தவறு: 53-க்கு மீதி 40, 40+13=53. விடை 53 × 11321. வர்க்கமூலம் வரை போயே ஆகவேண்டும். 775² = 600625 என்பதால் எல்லை 774; அதற்குள் கடைசிப் பகா எண் 773. மொத்தம் 137 பகா எண்கள். பெரம்பூரின் 600011 அத்தனைக்கும் தப்பிவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் (600081) 3-ஐ எடுத்தவுடன் 200027. எல்லையும் 447-க்குச் சுருங்கும். இதைக் கவனிக்காமல் 774 வரை போவது வீண் உழைப்பு. 317 × 631 என்று பிரியும்.

எண்ணூர் 600057 = 3² × 61 × 1093. இந்த 1093 சாதாரண எண் அல்ல. p ஒற்றைப்படைப் பகா எண்ணானால் 2-ன் (p−1) அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது p-ஆல் வகுபடும். அது p²-ஆலும் வகுபடுவது, இதுவரை தெரிந்தவரை, இரண்டே எண்களுக்கு: 1913-ல் மைஸ்னர் கண்ட 1093, 1922-ல் பேகர் கண்ட 3511.

சரிபார்க்க 2¹⁰⁹²-ஐ முழுதாகப் பெருக்க வேண்டாம். 1092 = 1024 + 64 + 4. 2-ல் தொடங்கிப் பத்து முறை வர்க்கப்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் 1093²-ஆல், அதாவது 1194649-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 13 இலக்கம் வரை வரும், ஆகவே 12 இலக்கக் கடைக் கால்குலேட்டர் போதாது. கம்ப்யூட்டரில் 32 பிட் முழு எண்ணும் வழிந்துவிடும், 64 பிட் எடுங்கள். 4, 64, 1024 அடுக்குகளின் மீதிகளைப் பெருக்கி வகுத்தால் கடைசியில் நிற்பது 1.