முள்ளெலி முட்டையை நசுக்கிய கதை

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக மண்டபம் பக்கம் இரண்டு மாதம் கடல் முள்ளெலிகளோடு (உடம்பெல்லாம் முள்ளாக, உருண்டையாக இருக்கும் கடல் உயிரி, sea urchin) கிடந்தேன். நண்டு வலையில் சிக்கி வரும் முள்ளெலியை யாரும் விலை கேட்பதில்லை. நண்டு கழற்றும் அண்ணன்மாரிடம் சொல்லிவைத்து, கடல் தண்ணீரோடு வாளியில் தூக்கி வருவேன்.

ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்தால் தெரியாது. வாயைச் சுற்றியுள்ள மெல்லிய தோலில் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊசியால் ஏற்றிக் கவிழ்த்து வைத்தால், ஐந்து துளைகளில் இருந்தும் வடியும். பால் போல வந்தால் ஆண். மஞ்சளாக, பொடிமணல் போல இறங்கினால் பெண். முதல் வாரம் எல்லாம் வீண். முட்டைகள் மேல் விந்தை அள்ளி ஊற்றிவிட்டேன். ஒரே முட்டைக்குள் பல விந்தணு புகுந்தால், அது கண்டபடி துண்டு துண்டாகிவிடும்.

சரியாக வந்த அன்று, ஒரு நிமிடம் போல ஆனதும் முட்டையைச் சுற்றி ஒரு சவ்வு எழும்பியது. ஒரு மணி நேரம் போனதும் நடுவில் இடுப்பு விழுந்தது. செல் சவ்வுக்கு அடியில் ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரதங்கள் வளையமாக நின்று இறுக்குகின்றன. நம் தசையைச் சுருக்குகிற அதே ஜோடிதான். எனக்குச் சுருக்குமடி வலையின் கயிறு இறுகுவதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம்தான் அந்தத் தப்பு. முட்டைகள் இருந்த ஒரு ஸ்லைடைக் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியால் மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். தண்ணீர் வற்றி, கவர் ஸ்லிப் இறங்கி, முட்டைகளை அப்பளமாக அமுக்கியிருந்தது. வழக்கமாக மூன்றாவது பிரிவு குறுக்கே விழுந்து, மேலே நான்கு, கீழே நான்கு செல் என்று அடுக்காக நிற்கும். இதில் எட்டும் ஒரே தளத்தில், தட்டில் பரப்பிய பணியாரம் மாதிரி கிடந்தன.

சாரிடம் பயந்துகொண்டே காட்டினேன். “இதை ஹான்ஸ் டிரீஷ் என்ற ஜெர்மன் கருவியல் அறிஞர் 1890களிலேயே வேண்டுமென்றே செய்து பார்த்துவிட்டார்” என்றார். செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழல்கள் நீளமாக ஓட இடமிருக்கும் பக்கம் இழுப்பு கூடுதல். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் பிரிக்கும் கதிர்க்கோல் அந்தப் பக்கமாகப் படுத்துக்கொள்ளும். செல் அதற்குக் குறுக்கே அறுபடும். அமுக்கிய முட்டைக்குள் கதிர்க்கோல் நிமிர்ந்து நிற்க இடமே இல்லை.

ஓரத்தில் ஒரு சொட்டு கடல் தண்ணீர் விட்டேன். கவர் ஸ்லிப் மிதந்து எழுந்தது. முட்டைகளைக் கழுவிக் கிண்ணத்தில் விட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை அவற்றில் சில, உருண்டையாகச் சுழன்று நீந்திக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து கவர் ஸ்லிப் இறங்காமல் இருக்க, நான்கு மூலையிலும் வாஸ்லின் வைத்துத்தான் மூடுவேன். ஒரு ஸ்லைடு மட்டும் வாஸ்லின் இல்லாமல்.